கைவினைக் கத்திகளை ஒளிப்படமெடுத்தல்

கைவினைக் கத்திகளை ஒளிப்படமெடுத்தல் என்பது, கொல்லுப்பட்டறைகளில் கையால் அடித்துச் செய்யப்படும் கத்தி, அரிவாள், கொடுவாள் முதலிய வெட்டுக்கருவிகளை, அவற்றின் வடிவமும் உலோகப் பரப்பும் கைவேலைத் தடங்களும் தெளிவாகத் தெரியுமாறு படமாக்கும் முறை ஆகும். இது பொருள் ஒளிப்படவியலின் ஒரு பிரிவு. அருங்காட்சியகங்கள், தொல்லியல் ஆய்வாளர்கள், கத்தி செய்யும் கைவினைஞர்கள், அவற்றை வாங்குவோர், சேகரிப்போர் ஆகியோருக்கு இது பயன்படுகிறது.

மரம், மண், துணி ஆகியவற்றாலான பொருள்களைவிடக் கத்தியைப் படமெடுப்பது கடினம். மெருகேற்றிய எஃகு ஓர் ஆடியைப் போல நடந்துகொள்வதே இதற்குக் காரணம். படத்தில் தெரிவது பெரும்பாலும் கத்தியின் நிறமன்று. கத்தியைச் சூழ்ந்துள்ள பொருள்களின் எதிரொளிப்பே. ஆகவே கத்தியைப் படமெடுப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அலகில் எது எதிரொளிக்க வேண்டும் என்பதாகும்.

சேலம், நாமக்கல் பகுதியும் இரும்பும்

சேலம், நாமக்கல் சமவெளியில் இரும்புத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையில் மேக்னடைட்டு எனப்படும் காந்த இரும்புத் தாது குவார்சுப் பாறையோடு கலந்து கிடைக்கிறது. தென்னிந்தியாவில் மூசையில் இட்டு உருக்கி ஆக்கப்பட்ட உயர்கரிம எஃகு, ஐரோப்பிய நூல்களில் 'ஊட்சு' எனப் பெயர்பெற்றது. சேலம் வட்டாரமும் இவ்வகை எஃகு ஆக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. மேற்கே ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், பண்டைக் காலத்தில் இரும்பு உருக்கியதற்கான உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன.

1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் ஊட்சு எஃகு பற்றி ஆய்வுரை அளித்தார். பின்னர் மைக்கேல் பாரடே, கத்தி செய்யும் தொழிலரான ஜேம்சு இசுடோடார்ட்டுடன் சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்தார். கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலராக இருந்த ஜோசையா மார்சல் ஹீத், 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். அந்த ஆலைக்குச் சேலம் பகுதித் தாது கொண்டு செல்லப்பட்டது. நாட்டு உலைகள் பின்னாளில் அவிந்துபோயின. கஞ்சமலை அடிவாரத்தில் அமைந்து 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை, துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளால் அறியப்படுகிறது.

எஃகு ஆக்கும் தொழில் மறைந்தபின்னும் எஃகை அடித்துக் கருவி செய்யும் தொழில் நீடித்தது. கொங்குப் பகுதியில் வேலி வெட்டவும் விறகு பிளக்கவும் உதவும் கொடுவாள், கதிர் அறுக்கும் கருக்கரிவாள், தென்னை, பனை ஏறுவோர் கொண்டுசெல்லும் பாளை அரிவாள், வீட்டுச் சமையலுக்கான அரிவாள்மனை ஆகியவை கொல்லர்களின் கைவேலைகள். இன்று இந்தியக் கொல்லுப்பட்டறைகளில் பழைய வண்டிகளின் ஸ்பிரிங் பட்டைகள் பரவலாகப் பயன்படுகின்றன. இப்பட்டைகளில் பொதுவாக 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை கரிமம் இருப்பதால் அவை நன்கு கடினமாகும். லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் பழைய லாரிப் பட்டை அரிய பொருளன்று.

இக்கருவிகள் தேயத் தேயத் தீட்டப்பட்டு, இறுதியில் பழைய இரும்பு விலைக்குப் போடப்படுகின்றன. ஆகையால் ஒரு கொல்லரின் வேலை எப்படி இருந்தது என்பதற்கு, பல வேளைகளில் ஒளிப்படம் மட்டுமே எஞ்சும். சம்மட்டித் தடமும் முத்திரையும் தெரியாத படம் அந்த வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அரும்பொருள்களை ஒளிப்படத்தால் ஆவணப்படுத்தும் முயற்சி தமிழ்நாட்டில் முன்னரே தொடங்கிவிட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான லின்னேயசு டிரைப் 1857-58இல் மாகாணமெங்கும் பயணம் செய்து படமெடுத்தார். இராயக்கோட்டை உள்ளிட்ட அன்றைய சேலம் மாவட்டத்து இடங்களுக்கென அவரது படத்தொகுப்பு ஒன்று தனியாக உள்ளது. 1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் அவர் படமெடுத்தார்.

அடிப்படை: அலகு ஓர் ஆடி

மெருகேற்றிய உலோகப் பரப்பில் ஒழுங்கான எதிரொளிப்பு நிகழ்கிறது. அதாவது படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். தாள், துணி, மரம் போன்ற சொரசொரப்பான பரப்புகளில் ஒழுங்கற்ற எதிரொளிப்பு நிகழ்ந்து ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. தாளின் மீது எப்பக்கத்திலிருந்து ஒளி விழுந்தாலும் அது வெண்மையாகத் தெரியும். மெருகேற்றிய அலகோ, சரியான கோணத்தில் ஒளிமூலம் இருந்தால் மட்டுமே வெண்மையாகவும், இல்லாவிட்டால் கருப்பாகவும் தெரியும்.

இதனால் தொடக்கநிலையாளரின் படங்களில் இரு குறைகள் அடிக்கடி காணப்படுகின்றன. ஒன்று, கருத்த அலகின் நடுவே கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பொட்டு. இது சிறிய விளக்கின் அல்லது படக்கருவியில் உள்ள மின்வெட்டொளியின் பிம்பம். மற்றொன்று, அலகில் தெரியும் படமெடுப்பவரின் சட்டை, முகம், கூரை ஆகியவற்றின் கலங்கிய உருவம். விளக்கின் வலிமையைக் கூட்டினாலும் குறைத்தாலும் இவை நீங்கா. அலகின் எதிரே உள்ள பொருளை மாற்றினால் மட்டுமே நீங்கும்.

அலகின் எந்தப் பகுதி எதைக் காட்டுகிறது என அறிய எளிய வழி உண்டு. கத்தியை அதன் இடத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி, வில்லை இருக்கும் இடத்திலிருந்து மறு கண்ணால் அலகைப் பார்க்க வேண்டும். மற்றொருவர் வெள்ளை அட்டை ஒன்றைக் கத்தியைச் சுற்றி மெதுவாக நகர்த்தினால், ஓரிடத்தில் அலகு முழுதும் சட்டென வெளுக்கும். அதுவே அட்டைக்கு உரிய இடம். அலகு தட்டையாக இருந்தால் சிறிய அட்டை போதும். அலகு புடைத்திருந்தால் அது பரந்த வெளியைக் காட்டுவதால் பெரிய அட்டை வேண்டும்.

போலரைசர் எனப்படும் தளவிளைவு வடிகட்டியை வில்லையின் முன் பொருத்தினால் உலோகத்தின் பளபளப்பு நீங்கும் என்ற கருத்து தவறானது. நீர், கண்ணாடி, வார்னீசு பூசிய மரம் ஆகியவற்றில் எதிரொளிக்கும் ஒளி குறிப்பிட்ட கோணத்தில் தளவிளைவு அடைகிறது. உலோகத்தில் அவ்வாறு முழுமையாக நிகழ்வதில்லை. ஆகவே இவ்வடிகட்டி கைப்பிடியின் பளபளப்பைக் குறைக்கும். அலகில் பெரிய மாற்றத்தைத் தராது. விளக்கின் முன்னும் இத்தகைய தகடொன்றை வைத்து இரண்டையும் செங்குத்தாகத் திருப்பினால், அலகின் நேரடி எதிரொளிப்பு மறைந்து அது ஏறத்தாழக் கருப்பாகிவிடும். துருவின் நிறத்தைப் பதிவு செய்ய வேண்டிய இடத்தில் இம்முறை உதவும்.

ஒளியமைப்பு முறைகள்

கத்தியில் எதைக் காட்ட வேண்டும் என்பதைப் பொறுத்து மூன்று முறைகள் கையாளப்படுகின்றன.

வெண்புல முறை: அலகு ஒரு பெரிய வெண்பரப்பை எதிரொளிக்குமாறு அமைப்பது. விளக்குக்கும் கத்திக்கும் இடையில் பட்டர் பேப்பரையோ வெள்ளை வேட்டியையோ விரித்துக் கட்டினால் அந்தத் திரையே ஒளிமூலம் ஆகிறது. அலகு சீரான வெளிர்நிறம் பெறும். கீறல், துரு, அமிலத்தால் வெளிப்பட்ட கோலம் ஆகியவை அதில் கருமையாகத் தெரியும். பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்ற முறை இது. திரை விளிம்பு வரை ஒரே அளவாக வெளுத்திருந்தால் அலகு தட்டையான தாளைப் போலத் தோன்றும். திரையின் ஒரு புறம் பிரகாசமாகவும் மறுபுறம் மங்கலாகவும் இருந்தால் அலகின் வளைவும் சாய்வும் விளங்கும்.

கரும்புல முறை: அலகு கருந்துணியை எதிரொளிக்குமாறு அமைத்து, பக்கவாட்டிலிருந்து ஒளியைச் செலுத்துவது. மெருகான பகுதி கருப்பாகவும், அரத்தின் கோடுகளும் சாணைத் தடங்களும் வெண்மையாகவும் தெரியும். கைவேலையின் தரத்தை ஆராய்வதற்கு இது சிறந்தது.

சாய்வொளி முறை: விளக்கை மிகத் தாழ்வாக, அலகின் பரப்போடு 5 முதல் 15 பாகை வரையிலான கோணத்தில் வைப்பது. மேடுபள்ளங்கள் நிழல் வீழ்த்துவதால் சம்மட்டி அடித்த குழிகளும், கொல்லர் குத்திய முத்திரையும் தெளிவாகும். கல்வெட்டுகளைப் படிக்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் பிடிப்பதும் இதே கோட்பாட்டினால் ஆகும். விளக்கு வந்த திசை படத்தின் குறிப்பில் எழுதப்பட வேண்டும். இல்லையெனில் பள்ளத்தை மேடாகக் கருத நேரலாம்.

ஒரே கத்தியை இம்மூன்று முறைகளிலும் எடுத்தால் மூன்று வெவ்வேறு கத்திகள் போலத் தோன்றும். ஊட்சு எஃகாலான பழைய வாள்களில் இது மிகவும் புலப்படும். இவ்வெஃகில் ஏறத்தாழ 1.2 முதல் 1.8 விழுக்காடு வரை கரிமம் உண்டு. அதில் இரும்புக் கார்பைடு பட்டை பட்டையாகப் படிவதால், மெருகேற்றி அமிலத்தால் அரித்தபின் நீரோட்டம் போன்ற கோலம் தோன்றுகிறது. வனேடியம் போன்ற சிறு அளவு மாசுகள் இப்பட்டைகள் உருவாகக் காரணம் என வெர்கோவன், பென்றே ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். அக்கோலம் ஒரு கோணத்தில் தெளிவாகவும் சற்றுத் திருப்பினால் முற்றிலும் மறைந்தும் போகக்கூடியது. ஒரே படத்தைப் பார்த்து, கோலம் இல்லை என முடிவு செய்வது பிழையாகலாம்.

சூரிய ஒளி

செலவில்லாத நல்ல ஒளிமூலம் சாளரம் ஆகும். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் வடக்கு நோக்கிய சாளரத்தைப் பரிந்துரைக்கின்றன. அந்நாடுகளில் சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கே இருப்பதால், வடக்குச் சாளரத்தில் பெரும்பாலும் சிதறிய வான ஒளி மட்டுமே கிடைக்கும். சேலம் ஏறத்தாழ 11.7 பாகை வடக்கு அட்சக்கோட்டில் உள்ளது. இங்கு ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகத்து 23ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகவே இருக்கும். காலையிலும் மாலையிலும் கூட அது வடகிழக்கு, வடமேற்குத் திசைகளிலிருந்து வடக்குச் சாளரத்தில் விழும். ஆகவே அம்மாதங்களில் இங்கு வடக்குச் சாளரத்துக்கும் பட்டர் பேப்பர் திரை தேவைப்படலாம். தெற்குச் சாளரமே அமைதியான ஒளியைத் தரும். திசம்பர் மாதத்தில் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 55 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது வடக்குச் சாளரம் பொருத்தமானது.

திறந்தவெளியில் நேர்வெயிலைத் தவிர்க்க வேண்டும். மேகம் மூடிய வானமும் திண்ணை நிழலும் பெரிய வெண்திரைக்கு நிகரானவை. மர நிழல் பொருந்தாது. இலைகளின் பச்சை அலகில் படியும்.

பின்னணி

பின்னணி இரு வேலைகளைச் செய்கிறது. கத்தியின் புறக்கோட்டைப் பிரித்துக் காட்டுகிறது. தன் நிறத்தையும் அலகில் ஏற்றுகிறது. சிவப்புத் துணியின் மேல் வைத்த கத்தியின் விளிம்பில் சிவப்புக் கோடு தெரிவது இதனால்தான்.

* சாம்பல்நிற அட்டை: ஆவணப் படங்களுக்கு மிகவும் ஏற்றது. வெளிர்ந்த வெட்டுவாயும் கருத்த முதுகும் இரண்டுமே இதில் தெளிவாகப் பிரிந்து தெரியும்.
* வெள்ளை: அச்சிடுவதற்கு வசதியானது. ஆனால் தீட்டிய வெட்டுவாய் வெண்மையில் கரைந்துவிடலாம். அலகின் ஓரத்தில் படத்துக்கு வெளியே கருப்பு அட்டைக் கீற்று ஒன்றை நிறுத்தினால் அதன் பிம்பம் விளிம்புக்குக் கரை கட்டும்.
* கருப்பு வெல்வெட்டு: இதன் மயிரிழைகள் ஒளியை விழுங்குவதால் ஆழ்ந்த கருமை கிடைக்கும். உலைச் செதில் நீங்காத கருத்த கொடுவாளுக்கு இது பொருந்தாது. தூசும் நூலும் எளிதில் தெரியும்.
* மரப்பலகை, கருங்கல்: பயன்பாட்டுச் சூழலைக் காட்டும் படங்களுக்கு ஏற்றவை. மரத்தின் வரிகள் கத்தியின் நீளத்துக்குக் குறுக்காக ஓடினால் அலகின் கோடுகளோடு குழம்பா.
* கோலமிட்ட பாய், பூப்போட்ட துணி, செய்தித்தாள்: தவிர்க்கத்தக்கவை. அலகின் நுண்ணிய கோலத்தோடு இவை போட்டியிடும்.

சார்ட் அட்டையின் ஒரு முனையைச் சுவரில் ஒட்டி மறுமுனையை மேசையில் மடிப்பு விழாமல் வளைத்து விட்டால், சுவரும் தரையும் சேரும் கோடு மறையும். கத்தியை அட்டையிலிருந்து ஓரிரு அங்குலம் உயர்த்தி வைத்தால் நிழல் விலகி மென்மையாகும். பின்னணியின் நிறமும் குறைவாகவே படியும். மரக்கட்டையும் சிறிது மெழுகும் இதற்குப் போதும். ஈரக் களிமண்ணைப் பயன்படுத்தினால் துருப்பிடிக்கும்.

படக்கருவியின் அமைப்பு

அருகிலிருந்து அகலக்கோண வில்லையால் எடுத்தால், கருவிக்கு அண்மையில் உள்ள முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் தோன்றும். நேரான கத்தி வளைந்தது போலவும் தெரியலாம். ஆகவே விலகி நின்று நீண்ட குவியத்தூரத்தில் எடுப்பது நல்லது. 35 மில்லிமீட்டர் சட்டக அளவுள்ள கருவியில் 100 மில்லிமீட்டர் வில்லையைப் பயன்படுத்தினால், 30 சென்டிமீட்டர் நீளக் கத்தி சட்டகத்தை நிரப்ப ஏறத்தாழ 1 மீட்டர் தொலைவு வேண்டும். செல்பேசியிலும் இரு மடங்கு உருப்பெருக்க வில்லை இருந்தால் அதைத் தேர்ந்து பின்னால் நகர்வது நன்று.

குவியத்தின் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறதோ அது புல ஆழம் எனப்படும். கருவியின் பின்புறம் அலகுக்கு இணையாக இருந்தால் கத்தி முழுதும் ஒரே தெளிவில் அமையும். ஆனால் நேர் எதிரே நின்றால் கருவியே அலகில் தெரியும். ஆதலால் அலகின் முதுகைச் சிறிது உயர்த்திச் சாய்ப்பர். ஒளித்துளையை எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்தால் போதிய புல ஆழம் கிடைக்கும். துளையை மிகச் சிறிதாக்கினால் விளிம்பு விலகலால் கூர்மை குறையும். துளை சிறுத்தால் ஒளி படும் நேரம் நீளும். ஆகையால் முக்காலியும் தானியங்கித் தாமத விசையும் தேவை.

சிறிய விளக்கின் ஒளி, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 30 சென்டிமீட்டர் கத்தியின் ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் 30 சென்டிமீட்டர் தள்ளி விளக்கை வைத்தால், மறுமுனை 60 சென்டிமீட்டரில் இருக்கும். அங்கு நான்கில் ஒரு பங்கு ஒளியே சேரும். விளக்கைக் கத்தியின் நீளத்துக்குக் குறுக்காகவோ தொலைவாகவோ வைப்பதும், எதிர்ப்புறம் தெர்மோகோல் பலகையை நிறுத்தி ஒளியைத் திருப்புவதும் இதைச் சரிசெய்யும்.

கருவியின் ஒளிமானி, காட்சி நடுத்தரச் சாம்பல்நிறம் உடையது எனக் கருதியே கணக்கிடும். வெண்பின்னணியில் படம் இருண்டும், கரும்பின்னணியில் வெளிறியும் அமைவது இதனால் ஆகும். முன்னதில் ஒளியேற்றத்தைக் கூட்டியும் பின்னதில் குறைத்தும் எடுக்க வேண்டும்.

எஃகுக்கெனத் தனி நிறம் மிகக் குறைவு. அதனால் ஒளியின் நிறம் அதில் உடனே வெளிப்படும். சாளரப் பகலொளியையும் குண்டு விளக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அலகின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் இருக்கும். இதை எந்த வெண்சமநிலை அமைப்பாலும் முழுதும் திருத்த இயலாது. ஒரே வகை ஒளியைப் பயன்படுத்துவதே வழி. படமெடுப்பவர் கருப்பு அல்லது சாம்பல்நிற உடை அணிவதும் நன்று.

தூய்மையும் பாதுகாப்பும்

கைரேகையின் எண்ணெய்த் தடம் படத்தில் தெளிவாகத் தெரிவதோடு, அதன் உப்பால் கரிம எஃகு துருப்பிடிக்கவும் செய்யும். புதிய கத்தியை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, கையுறையோடு கையாள வேண்டும். காப்புக்காகப் பூசிய எண்ணெயைத் துடைத்துவிட்டு எடுத்து, எடுத்தபின் மீண்டும் மெல்லிதாகப் பூச வேண்டும். பழைய கத்திகளைப் படத்துக்காகத் தேய்க்கவோ மெருகேற்றவோ கூடாது. துருப்படலமும் அதன் வரலாற்றின் பகுதியே. ஒருமுறை தேய்த்தது திரும்பி வராது. கத்தியை நிறுத்தி வைக்கும்போது வெட்டுவாய் எவரையும் நோக்காதிருக்க வேண்டும்.

ஆவணப்படுத்தல்

ஒரு கத்திக்குக் குறைந்தது பின்வரும் படங்கள் தேவை.

* இரு பக்கங்களின் முழுப் படம், சென்டிமீட்டர் அளவுகோலுடன்
* முதுகின் படம் (தடிப்பு முனை நோக்கிக் குறைவதைக் காட்ட)
* வெட்டுவாயின் அண்மைப் படம்
* கைப்பிடியும் பூணும் அலகும் சேரும் இடம்
* முத்திரையும் சம்மட்டித் தடமும் (சாய்வொளியில்)

அளவுகோல் மேசையில் இருந்து கத்தி உயரத்தில் இருந்தால் அளவு பிழையாகும். இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கருவியின் வட்டாரப் பெயர், பயன், செய்த ஊர், நீளம், எடை, படமெடுத்த நாள் ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். பெயரில்லாத கொடுவாளின் படம், அக்கருவி பயன்பாட்டிலிருந்து மறைந்தபின் பொருளற்றதாகிவிடும்.

படத்தின் நேர்மை

ஒளியமைப்பால் குறையை மறைக்கவும் முடியும். சீரான வெண்திரை சம்மட்டித் தடத்தை அழித்து, கையால் செய்த அலகை ஆலையில் வெட்டிய தகடு போலக் காட்டும். 'டமாசுகசு' என்ற பெயரில் விற்கப்படும் கத்திகளுள் சில, எஃகு அடுக்குகளை ஒன்றாக அடித்துச் செய்தவை. வேறு சில, சாதாரணத் தகட்டின் மேல் கோலம் பொறித்தவை. அடுக்கு எஃகில் கோலம் முதுகிலும் தொடரும். மேற்பரப்பில் பொறித்தது பக்கத்தோடு நின்றுவிடும். முதுகின் படத்தைத் தராமல் பக்கவாட்டுப் படத்தை மட்டும் தருவது வாங்குவோரை ஏமாற்ற இடமளிக்கிறது.

படத்தில் கத்தி கருவியாகத் தோன்றுகிறதா படைக்கலமாகத் தோன்றுகிறதா என்பதும் கருதத்தக்கது. தமிழ்நாட்டில் அரிவாளுடன் நின்று படமெடுத்துச் சமூக ஊடகங்களில் பதிவிட்டோர் மீது காவல்துறை வழக்குப் பதிந்த நிகழ்வுகள் உண்டு. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழான விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் படைக்கலப் பட்டியலில் சேர்க்கும்போது, வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்த கத்திகளை விலக்குகின்றன. அளவுகோலும், கருவியின் பெயரும் பயனும் கூறும் குறிப்பும் உள்ள ஆவணப் படத்தில் கொடுவாள் உழவுக் கருவியாகவே அறியப்படும்.

இவற்றையும் பார்க்க

* ஊட்சு எஃகு
* கஞ்சமலை
* கொடுமணல்
* அரிவாள்
* எதிரொளிப்பு
* லின்னேயசு டிரைப்